மாஸ்டர் பிள்ளையும் கே. முத்துசாமியும்

2019 ஜூலை மாதக் கடைசியில் சிங்கப்பூரில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. ரொக்கம் இல்லாமல் அட்டையிலும் கைபேசியிலும் பணம் செலுத்தும் முறையை மக்களிடம் கொண்டுசெல்வதற்காக எடுக்கப்பட்ட அந்தப் படத்தில் நான்கு பேர் நின்றார்கள். தலைமுக்காடு அணிந்த மலாய்ப் பெண் ஒருவர், இளஞ்சிவப்பு மேல்சட்டை போட்ட சீனப் பெண் ஒருவர், மீசை வைத்த ஆண் ஒருவர், தோல் கருப்பாக்கப்பட்ட இந்தியர் ஒருவர். நால்வரும் உண்மையில் ஒரே ஆள்தான்: டென்னிஸ் சியூ என்ற சீன நகைச்சுவை நடிகர். இந்தியராக நின்ற உருவத்தின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் 'கே. முத்துசாமி' என்று எழுதியிருந்தது.

அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அதில் நகைச்சுவை என்று தனியாக எதுவும் கிடைக்காது. வசனம் இல்லை, சூழ்நிலை இல்லை, யாரும் வழுக்கி விழவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தெரிந்த நடிகர் வேறு இனத்தவரைப்போல் நிற்கிறார் என்பது மட்டுமே வேடிக்கை. எல்லாச் சமூகத்தாருக்கும் உரிய சேவை இது என்று சொல்லத்தான் விளம்பரம் எடுத்தார்கள் என்றால், தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் நாட்டில், அந்த நடிகரை நிர்வகிக்கும் மீடியாகார்ப் குழுமமே 'வசந்தம்' என்ற தமிழ்த் தொலைக்காட்சியை நடத்திவரும் ஊரில், ஓர் இந்திய நடிகரைத் தேடிப் பிடிப்பது சிரமமான காரியமாக இருந்திருக்காது. பெயரும் சும்மா வந்து விழுந்ததாகத் தெரியவில்லை. நம் தாத்தாக்களின் தலைமுறையோடு அருகிவிட்ட முத்துசாமி என்ற பெயர், துறைமுகத்துக்கும் சாலை வேலைக்கும் தோட்டத்துக்கும் என்று கப்பலேறி வந்த கூலித் தமிழரின் நினைவையும் கூடவே இழுத்து வருகிறது.

எதிர்ப்பு எழுந்தது, விளம்பரம் விலக்கப்பட்டது, தயாரித்தவர்களும், சில நாள் கழித்து நடிகரும் மன்னிப்புக் கேட்டார்கள். இணைய ஒழுங்குவிதிகளை விளம்பரம் மீறவில்லை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். இதற்கிடையில் பிரீத்தி நாயர் என்ற நகைச்சுவைக் கலைஞரும் அவருடைய அண்ணனான ராப் பாடகர் சுபாஸ் நாயரும் வசைச்சொற்கள் நிறைந்த ஒரு பாட்டை வெளியிட்டு, பெரும்பான்மைச் சீனர்களை நேரடியாகச் சாடினார்கள். அந்தக் காணொளி எல்லை மீறிவிட்டது என்று சட்ட அமைச்சர் கா. சண்முகம் சொன்னார். காவல்துறை விசாரித்து, அண்ணன் தங்கை இருவருக்கும் 24 மாத நிபந்தனை எச்சரிக்கை விதித்தது; அந்தக் காலத்துக்குள் மீண்டும் குற்றம் செய்தால் வழக்கு வரலாம் என்பது அதன் பொருள். வேடம் போட்டவருக்கு மன்னிப்போடு விஷயம் முடிந்தது; பதிலுக்குக் கேலி செய்தவர்கள்மீது காவல்துறை எச்சரிக்கை விழுந்தது. பாட்டின் மொழி கொச்சையாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கேலி எந்தத் திசையில் எளிதாகப் பாய்கிறது, எந்தத் திசையில் பாய்ந்தால் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கிடைப்பது அரிது.

இது அங்கே முதல் முறையும் அல்ல. 2017இல் ஷ்ரே பார்கவா என்ற இளம் நடிகர், இராணுவச் சேவையை வைத்து எடுக்கப்படும் பிரபலமான நகைச்சுவைப் படத்தொடர் ஒன்றின் நடிகர் தேர்வுக்குப் போனபோது, இன்னும் முழு இந்தியனாக, சிரிப்பு வரும்படி நடித்துக் காட்டச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தார். சிங்கப்பூர்க்காரரான அவருடைய இயல்பான பேச்சு அவர்களுக்கு வேண்டிய அளவு இந்தியத்தன்மையோடு இல்லை. வேற்றினத்தார் இந்திய வேடம் போடுவது ஒரு புறம் இருக்க, இந்தியரே அந்த வேடத்தைப் போட்டுக்கொண்டால்தான் வாய்ப்பு என்பது இதன் மறுபுறம்.

இந்த விவாதத்தில் ஒரு குழப்பம் எப்போதும் நுழைந்துவிடுகிறது. நடிப்பு என்பதே இன்னொருவராக மாறுவதுதானே, அப்படியிருக்க ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாராக நடிக்கக் கூடாது என்றால் கலையே நடக்காதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடிய விடிய ஆண்கள் திரௌபதியாக நின்று ஆடும் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேடம் என்பதன் பொருளை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே திரௌபதி வேடம் போட்டவர் ஆண் என்பதற்காக யாரும் சிரிப்பதில்லை; அவள் சபையில் நியாயம் கேட்கும்போது அழுகிறார்கள். இங்கே பேசப்படுவது குறுகிய ஒரு வகை மட்டுமே: வேடத்தைக் கடந்து பாத்திரம் என்று எதுவும் உருவாகாமல், தோலின் நிறமும் நாக்கின் உச்சரிப்புமே சிரிப்புக்கு உரிய பொருளாக நின்றுவிடும் வகை.

அந்த வகைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கிழிந்த உடையோடு, 'ஜிம் குரோ' என்ற கருப்பின அடிமையாக ஆடிப்பாடிப் புகழ்பெற்றார். எரித்த தக்கையின் கரியைக் குழைத்துப் பூசிக்கொள்ளும் இந்த 'மின்ஸ்ட்ரல்' நிகழ்ச்சிகள் அந்த நூற்றாண்டு முழுவதும் அமெரிக்காவின் பெரும் பொழுதுபோக்காக இருந்தன. பிற்காலத்தில் தென்மாநிலங்களில் கருப்பினத்தவரைத் தனிப் பள்ளியிலும் தனி ரயில்பெட்டியிலும் ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கு மக்கள் வழக்கில் நின்ற பெயரே 'ஜிம் குரோ சட்டங்கள்' என்பதுதான். ஒரு கோமாளியின் பெயர் சட்டங்களின் பெயரான கதை இது. பார்வையாளர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்க்கையில் ஒரு கருப்பினத்தவரோடு சமமாக உட்கார்ந்து பேசியிராதவர்கள்; மேடையில் கண்ட சோம்பேறியும் திருடனும் அசடனுமே அவர்கள் அறிந்த கருப்பினம். பஹாமாஸில் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் என்ற அற்புதமான கருப்பின நகைச்சுவை நடிகர் மேடையேறியபோது, அவரும் தன் முகத்தின்மேல் கரி பூசிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அசலைவிடப் போலியே நம்பத் தகுந்ததாக ஆகிவிட்டிருந்தது.

இங்கிலாந்தில் இது நம்ப முடியாத அளவுக்கு நீண்டது. பிபிசி தொலைக்காட்சி 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ' என்ற நிகழ்ச்சியை 1958 முதல் 1978 வரை இருபது ஆண்டுகள் ஒளிபரப்பியது. 1967இலேயே இனப் பாகுபாட்டுக்கு எதிரான அமைப்பு ஒன்று அதை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தும் பயனில்லை. அதன் மேடை வடிவத்தில் 1970களில் தம் இளம் வயதில் நடித்தவர் கருப்பினத்தவரான லென்னி ஹென்றி. கரி பூசிய கூட்டத்துக்கு நடுவே பூசத் தேவையில்லாத ஒரே முகம் அவருடையது. பின்னாளில் இங்கிலாந்தின் மிகப் பெரிய நகைச்சுவைக் கலைஞர்களில் ஒருவரான அவர், அந்த ஆண்டுகளை வருத்தத்தோடுதான் நினைவுகூர்ந்திருக்கிறார்.

தமிழர்களுக்கு இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு 1968. அந்த ஆண்டு ஹாலிவுட்டில் பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கத்தில் 'தி பார்ட்டி' வந்தது. ஆங்கில நடிகர் பீட்டர் செல்லர்ஸ் முகத்தைப் பழுப்பாக்கிக்கொண்டு, தவறுதலாக ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டு அந்த வீட்டையே தலைகீழாக்கும் ஹ்ருந்தி பக்ஷி என்ற இந்திய நடிகராக நடித்தார். அதே ஆண்டு பம்பாயில் இந்தி நகைச்சுவை நடிகர் மெஹ்மூத் தயாரித்த 'படோசன்' வந்தது. குடுமியும் வேட்டியுமாக, 'ஐயோ' என்று அடிக்கொரு முறை அலறும் தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் மாஸ்டர் பிள்ளையாக மெஹ்மூதே நடித்தார்.

பக்ஷி நல்லவன். அந்த விருந்தில் இருக்கும் எல்லாரையும்விட மனிதத்தன்மை மிக்கவன் அவன்தான் என்று சொன்னாலும் தவறில்லை. செல்லர்ஸின் உடல்மொழி மேதைமைக்குச் சான்று என்று அந்தப் படத்தைத்தான் இன்றும் காட்டுகிறார்கள். மாஸ்டர் பிள்ளையும் கெட்டவர் அல்லர். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மனத்தை வெல்ல நடக்கும் பாட்டுப் போட்டியில், முறையாகச் சங்கீதம் படித்த அவர், எதிர்ச்சன்னலில் வாயை மட்டும் அசைக்கும் கதாநாயகனிடமும் அவனுக்கு மறைந்திருந்து பாடும் நண்பனிடமும் தோற்கிறார். மன்னா டேயும் கிஷோர் குமாரும் பாடிய அந்தப் பாட்டைச் சிரிக்காமல் கேட்க எனக்கு இன்றும் முடிவதில்லை. தமிழர் பலருக்கும் அப்படித்தான். ஆனால் அது எந்த ஊரில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1966இல் பம்பாயில் தோன்றிய சிவசேனை, அலுவலக வேலைகளைத் தென்னிந்தியர்கள் பறித்துக்கொள்கிறார்கள் என்று சொல்லித்தான் வளர்ந்தது. அதன் கேலி முழக்கங்களில் வேட்டிகட்டிகளுக்கு, அவர்கள் பாஷையில் 'லுங்கி'காரர்களுக்கு, முதலிடம் இருந்தது. படம் அந்த அரசியலுக்காக எடுக்கப்பட்டதல்ல. மெஹ்மூதுக்கு அந்த நோக்கம் இருந்ததாகச் சொல்வதும் அநியாயம். ஆனால் திரையரங்கில் பிள்ளையின் வேட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே வந்தவர் தெருவிலும் ஒரு பிள்ளையைப் பார்த்தார். அந்தத் தெருப் பிள்ளைக்கு இந்தித் திரையில் வேறு முகம் இல்லை. 1990இல் 'அக்னிபத்' படத்தில் இளநீர் விற்கும் கிருஷ்ணன் ஐயராக மிதுன் சக்ரவர்த்தியும், 2011இல் 'ரா.ஒன்' படத்தில் நூடுல்ஸில் தயிர் ஊற்றிச் சாப்பிடும் சேகர் சுப்பிரமணியமாக ஷாருக் கானும் அந்த வாத்தியாரின் வாரிசுகளாகத்தான் வந்தார்கள்.

பக்ஷியின் வாரிசு இன்னும் பெரிய புகழ் பெற்றார். 1990இல் 'தி சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத் தொடரில் முதன்முதலாகத் தோன்றிய மளிகைக்கடைக்காரர் அப்புவுக்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அஸாரியா என்ற வெள்ளை நடிகர். செல்லர்ஸின் பக்ஷியே தமக்கு ஒரு முன்மாதிரி என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்பு முட்டாள் அல்லர், கணினித்துறையில் முனைவர் பட்டம் வாங்கியவர், கடும் உழைப்பாளி. பிறகு ஏன் வலித்தது? அமெரிக்கத் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் எல்லாருக்கும் தெரிந்த இந்தியர் என்றால் அவர் ஒருவரே. பள்ளியில் படித்த இந்தியக் குழந்தைகள் ஒவ்வொருவரையும் அந்தக் குரலில்தான் கேலி செய்தார்கள். 2017இல் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு எடுத்த ஆவணப்படம் இதைப் பேசியது. தொடரின் முதல் பதில், பழைய காலத்தில் கைதட்டு வாங்கியது இன்றைக்குக் குற்றமாகிவிட்டது, என்ன செய்வது என்று தோள்குலுக்கும் ஒரு காட்சியாக 2018இல் வந்தது. அஸாரியா அப்படி இருக்கவில்லை. 2020இல் அந்தக் குரலைக் கைவிட்டார், 2021இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

இதே வேதனையைச் சிரிப்பாக மாற்றிக் காட்டியவர் தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குத் தென் கரோலினாவில் பிறந்த அஜீஸ் அன்சாரி. 2015இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் நன்' தொடரில், தொலைக்காட்சியில் வரும் இந்தியர்கள் என்பதையே தலைப்பாக வைத்து ஒரு பகுதி இருக்கிறது. இந்திய உச்சரிப்பில் பேச மறுத்து வாய்ப்பை இழக்கும் நடிகராக அவர் வருகிறார். சிறுவயதில் 1988இன் 'ஷார்ட் சர்க்யூட் 2' படத்தில் ஓர் இந்தியர் நாயகனாக வந்ததைப் பார்த்துப் பூரித்ததையும், அந்த நடிகர் ஃபிஷர் ஸ்டீவன்ஸ் முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர் என்று பின்னால் அறிந்ததையும் அந்தப் பகுதி நினைவுகூர்கிறது. அந்தத் தொடரில் அன்சாரியின் உண்மையான தாய் தந்தையரே அவருடைய பாத்திரத்தின் தாய் தந்தையராக நடித்தார்கள்.

வேடத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் வலுவானவையும் உண்டு. நன்றாகத் தெரிந்தவர் நடித்தால் தவறில்லை என்பது ஒன்று. பிபிசியின் 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரில் இந்தியப் பணியாளர் ரங்கி ராமாகப் பழுப்புப் பூச்சோடு நடித்த மைக்கேல் பேட்ஸ் ஜான்சியில் பிறந்தவர், நம் வடநாட்டு மொழியைச் சரளமாகப் பேசியவர். அந்தத் தொடரை பிபிசி இப்போது மறுஒளிபரப்புச் செய்வதில்லை. அவருடைய மொழியறிவு பாத்திரத்தைத் துல்லியமாக்கியது. ஆனால் இந்திய நடிகருக்குப் போக வேண்டிய இடம் அவரிடமே இருந்தது. இரண்டாவது வாதம், கேலி வேடத்தின்மேலேயே திரும்பினால் என்ன என்பது. 2008இன் 'ட்ராபிக் தண்டர்' படத்தில் ராபர்ட் டௌனி ஜூனியர் கருப்பினத்தவராக வேடம் போடுவது, விருதுக்காக எதையும் செய்யத் துணியும் வெள்ளை நடிகனைக் கேலி செய்வதற்காக. பக்கத்திலேயே ஓர் உண்மையான கருப்பின நடிகரின் பாத்திரம் நின்று அவனைக் கிழித்துக்கொண்டே இருக்கிறது. அந்த வேடத்துக்கு டௌனி ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். எனக்கு இந்த விதிவிலக்கு சரியாகவே படுகிறது, அந்தப் பக்கத்து ஆள் இருப்பதால்.

ஆனால் இந்த விவாதம் முழுவதிலும் எனக்குப் பிடித்த பதில் ஒன்று வேறிடத்திலிருந்து வந்தது. 1960இல் பீட்டர் செல்லர்ஸ் இந்திய மருத்துவர் குரலில் இத்தாலிய நடிகை சோஃபியா லோரனோடு பாடிய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற பாட்டு இங்கிலாந்தில் பெரும் வெற்றி பெற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நினா வாடியா ஆகிய நால்வரும் தங்கள் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்தார்கள். அதன் புகழ்பெற்ற காட்சியில் சில இந்தியர்கள் குடித்துவிட்டு இரவில் ஓர் ஆங்கிலேய உணவகத்துக்குப் போய், பணியாளரின் பெயரைக் கொலை செய்து, இருப்பதிலேயே சப்பென்று இருக்கும் உணவு எதுவோ அதைக் கொண்டுவரச் சொல்லி ரகளை செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை இரவில் இந்திய உணவகங்களில் ஆங்கிலேயர்கள் செய்யும் அதே ரகளை. ஆங்கிலேயர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆங்கிலேயர்களுக்கு அது வலிக்காததற்கு அவர்களுடைய பெருந்தன்மை மட்டும் காரணமல்ல. மற்ற எல்லா அலைவரிசைகளிலும், எல்லா நேரங்களிலும் அவர்கள் அரசர்களாகவும் துப்பறிவாளர்களாகவும் காதலர்களாகவும் இருந்தார்கள். ஒரு கோமாளி வேடம் அவர்களை எதுவும் செய்துவிடாது. யார் யாருடைய வேடத்தைப் போடலாம் என்ற கேள்விக்கு இனத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது என்று நான் நினைப்பதும் இதனால்தான். கேலிக்கு ஆளானவருக்குத் திரையில் வேறு எத்தனை முகங்கள் இருக்கின்றன, அவர் திருப்பிக் கேலி செய்ய ஒரு மேடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2020 ஜூனில், அமெரிக்கக் காவலர் ஒருவர் கையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கருப்பினத்தவர் கொலையுண்ட பிறகு, வேற்றின வேடங்கள் வந்த 'லிட்டில் பிரிட்டன்' போன்ற பழைய ஆங்கில நகைச்சுவை நிகழ்ச்சிகளை நிறுவனங்கள் அவசர அவசரமாக இணையத்திலிருந்து நீக்கின. பழையதை மறைத்ததால் புதிதாக யாருக்கும் மேடை கிடைத்துவிடவில்லை.

இந்த அளவுகோலைக் கோடம்பாக்கத்துக்கும் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். மாஸ்டர் பிள்ளைக்காக முகம் சுளிக்கும் நாம், 'நம்பள்கி நிம்பள்கி' என்று பேசும் அடகுக்கடைச் சேட்டுக்கும், டீக்கடை நாயருக்கும், 'ஷாப்' என்று சலாம் போடும் கூர்க்காவுக்கும் எத்தனை தலைமுறையாகச் சிரித்திருக்கிறோம்! எல்லாம் ஒரே கணக்கில் வருவதில்லை. 2008இன் 'தசாவதாரம்' படத்தில் தெலுங்குப் பற்று மிக்க அதிகாரி பல்ராம் நாயுடுவாகக் கமல்ஹாசன் செய்த நகைச்சுவையைத் தெலுங்கர்களும் ரசித்தார்கள். அவர்களிடம் நம்முடையதற்குச் சற்றும் குறையாத திரையுலகம் இருக்கிறது. நாயரைக் கேலி செய்தால் மலையாளப் படத்தில் 'பாண்டி'யாகத் தமிழனுக்குப் பதில் வந்துவிடும், கடன் தீர்ந்துவிடும். 2000இல் 'தெனாலி'யில் அதே கமல்ஹாசன் எல்லாவற்றுக்கும் அஞ்சும் ஈழத்தமிழராக நடித்தபோது கணக்கு சிக்கலாகிறது. அந்த அச்சத்துக்குப் போரைக் காரணமாகச் சொன்னதில் ஒரு பரிவு இருக்கிறது. அதே சமயம் தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த அகதிகளுக்குத் தங்கள் அச்சத்தைத் தாங்களே சொல்ல ஒரு திரை இல்லை. கூர்க்காவுக்கோ, இன்று திருப்பூரிலும் சென்னையிலும் கட்டடமும் பனியனும் உணவகமும் நடத்தித்தரும் வடமாநிலத் தொழிலாளிக்கோ, தமிழில் எந்த மேடையும் கிடையாது. நம் படங்களில் அவர்கள் பேசும் கொச்சைத் தமிழ் மட்டும் இருக்கிறது.

1968இல் கோடம்பாக்கத்திலும் ஒரு வேடம் போடப்பட்டது. எம்.ஜி.ஆரின் நூறாவது படமான 'ஒளி விளக்கு'வில் அவரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் உடையில் ஆடிய பாட்டு அது. அது கேலியல்ல, கொண்டாட்டம் என்று ரசிகர்கள் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் திரையும் மேடையும் நரிக்குறவரையும் குறவரையும் பிரித்தறிந்ததே இல்லை. வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வேறு, தமிழ் பேசும் குறவர் வேறு. பாசிமணி, கூடை, பச்சை குத்துதல், 'சாமியோவ்' எல்லாவற்றையும் கலந்து ஒரே பொம்மையாக ஆக்கிவிட்டோம். பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் படைத்த குறத்தி தன் மலையின் வளத்தை ராணிபோல நின்று பாடுகிறாள். அவரும் குறவர் அல்லர்; ஆனால் அவருடைய குறத்தியைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை, அவளோடு சேர்ந்து சிரிக்கிறோம். அங்கிருந்து திருவிழா மேடையின் இரட்டை அர்த்தக் 'குறவன் குறத்தி ஆட்டம்' வரைக்கும் இறங்கிய தூரம் பெரிது. குறவர் சமூகத்தினர் நெடுங்காலம் எதிர்த்துவந்த அந்த ஆட்டத்துக்கு 2023இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை சொன்னது. தமிழ்நாடு அரசும் அதை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது.

திருவிழா மேடைக்குத்தான் அந்த ஆணை. பள்ளி ஆண்டு விழாவில் அந்தப் பழைய 'ஒளி விளக்கு' பாட்டுக்குக் குழந்தைகள் இன்னும் ஆடுகிறார்கள். மாறுவேடப் போட்டிக்கு உடை வாடகைக்குத் தரும் கடைக்குப் போனால் பாரதியார், மருத்துவர், போலீஸ்காரர், ஜான்சி ராணி என்று வரிசையாகத் தொங்கும் உடைகளுக்கு நடுவே குறத்தி உடையும் மணிமாலையோடு தொங்குகிறது. அந்த வரிசையில் ஒரு தனி மனிதரையோ ஒரு தொழிலையோ குறிக்காமல், ஒரு மக்கள் கூட்டத்தையே குறிக்கும் உடை அது ஒன்றுதான்.